குழலடி முத்திரைகள்: ஆங்கில இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதன் திருத்தங்களும்

19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனில் உருவாகி இன்றுவரை எஞ்சியிருக்கும் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளுள், பட்டறையை விட்டு வெளியேறிய நாளில் இருந்த வடிவத்திலேயே நிலைத்திருப்பவை மிகச் சிலவே. பக்கவாட்டில் இணைக்கப்பட்ட இரண்டு குழல்கள், அவற்றின் அடியைத் தாங்கும் இரும்பாலான நடுவுடல், தோளில் பதித்துப் பிடிக்கும் வால்நட் மரக்கட்டை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்தக் கருவி பல தலைமுறைகள் கைமாறுவதற்கு ஏற்ற உறுதியோடு செய்யப்பட்டது. அது பிறந்த நூற்றாண்டோ வெடிமருந்தும் தோட்டாவும் உலோகமும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்த காலம். கருவி தேய்வதற்கு வெகுமுன்பே அதன் தொழில்நுட்பம் பழமையாகிவிட்டதால், பெரும்பணம் கொடுத்து வாங்கியவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் அதைக் கைவிடாமல், புதிய முறைக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்தினார்கள்.

பழைய நாற்காலியையோ கலப்பையையோ யார், எப்போது, எப்படிப் பழுதுபார்த்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று கிடைப்பது அரிது. துப்பாக்கியின் நிலை வேறு. குழல் வெடித்தால் சுடுபவரின் கையும் கண்ணும் பறிபோகும் என்பதால், ஒவ்வொரு குழலும் சோதனைக்கு உட்பட்டு முத்திரை பெற வேண்டும் என்று ஆங்கிலச் சட்டம் வலியுறுத்தியது. குழலின் வலிமையைப் பாதிக்கும் திருத்தத்திற்குப் பிறகு மறுசோதனையும் புதிய முத்திரையும் தேவைப்பட்டன. மக்களின் பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட அந்த விதி, தன் நோக்கத்தைத் தாண்டி, ஒரு கருவியின் வாழ்க்கை முழுவதையும் அதன் உலோகத்திலேயே எழுதிவைக்கும் ஆவணமுறையாக வளர்ந்துவிட்டது. இரட்டைக்குழல் துப்பாக்கியின் வரலாற்றை ஆராய்பவர் அந்த ஆவணத்தையே முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

சிக்கிமுக்கியிலிருந்து கேப்புக்கு

ஒரே குண்டுக்குப் பதிலாகப் பல சிறு ஈய ரவைகளை வீசுவதற்காக, உட்புறம் வழவழப்பாகக் கடையப்பட்ட குழலைக் கொண்டது வேட்டைத் துப்பாக்கி. பறக்கும் பறவையைச் சுடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவியபோது, ஒருமுறை தவறினால் உடனே மறுமுறை சுடுவதற்கு இரண்டு குழல்கள் விரும்பப்பட்டன. ஆயினும் அக்காலக் குழல்கள் மிக நீளமானவையாக இருந்ததால் இரண்டை இணைத்தால் எடை தாங்க முடியாததாயிற்று. 1787ஆம் ஆண்டில் லண்டன் கைவினைஞர் ஹென்றி நாக், மருந்து விரைந்து எரியும்படி குழலடியின் உள்ளமைப்பை மாற்றிக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் குறுகிய குழலிலேயே போதிய விசை கிடைத்தது. ஏறத்தாழ 30 அங்குலக் குழல்கள் இரண்டைக் கொண்ட இலகுவான துப்பாக்கி இதனால் நடைமுறைக்கு வந்தது.

அந்த வடிவத்திற்கு அழகும் ஒழுங்கும் தந்தவர் ஜோசஃப் மேன்டன். இரு குழல்களையும் மேலே இணைக்கும் நீண்ட பட்டையைக் குறிபார்ப்பதற்கு ஏற்ப உயர்த்தி அமைத்து 1806இல் அவர் காப்புரிமை பெற்றார். 1814இல் தனிக்கடை தொடங்கிய ஜேம்ஸ் பர்டி, பின்னாளில் புகழ்பெற்ற தாமஸ் பாஸ் போன்றோர் அவரிடம் பணிபுரிந்தவர்களே. மேன்டன் 1826இல் திவாலானாலும், லண்டன் துப்பாக்கியின் இலக்கணம் அவருடைய பட்டறையில்தான் உருவாயிற்று.

மேன்டனின் தொடக்ககாலத் துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல்லால் இயங்கின. விசையை இழுத்ததும் முன்னோக்கி விழும் குதிரை என்ற உறுப்பில் கவ்வப்பட்ட கல், எஃகுத் தகட்டில் உரசிப் பொறியை எழுப்பும். பொறி சிறு கிண்ணத்திலுள்ள மருந்தில் விழுந்து, பற்றுவாய் எனப்படும் துளை வழியாகக் குழலுக்குள் தீயைக் கொண்டுசெல்லும். கிண்ணத்தில் எழும் புகையைக் கண்டே பறவைகள் விலகிவிடுவதைக் கவனித்த ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், அடிபட்டாலே வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு தீமூட்டும் முறையை 1807இல் காப்புரிமை செய்தார். அக்கொள்கையை எளிமையாக்கிய, வெடிபொருள் அடங்கிய சிறு செம்புத் தொப்பியான கேப்பு 1820களில் பரவியது.

துப்பாக்கி வரலாற்றின் முதல் பெரிய திருத்த அலை இதனோடு தொடங்கியது. கிண்ணமும் எஃகுத் தகடும் கழற்றப்பட்டன; பற்றுவாய் இருந்த இடத்தில் கேப்பு மாட்டும் சிறு குமிழ் பொருத்தப்பட்டது, அல்லது குழலடியே புதிதாகச் செய்யப்பட்டது; கல்லைக் கவ்வும் குதிரைக்குப் பதிலாகக் குழிந்த மூக்குடைய புதிய குதிரை வந்தது. மற்ற பகுதிகள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டதால், சுடுபொறியின் பக்கத் தகட்டில் அடைக்கப்பட்ட திருகுத் துளைகளும் கிண்ணம் பதிந்திருந்த வளைவும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. கேப்பால் இயங்கும் ஒரு துப்பாக்கியில் இவ்விரண்டு அடையாளங்களும் காணப்பட்டால், அது சிக்கிமுக்கித் துப்பாக்கியாகப் பிறந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் உறுதியாகக் கூறலாம்.

குழல் பின்புறம் திறந்த காலம்

அதுவரை மருந்தும் ரவையும் குழலின் முன்வாய் வழியாகவே கெட்டிக்கப்பட்டன. பாரிஸ் நகரக் கைவினைஞர் காசிமீர் லெஃபோஷோ, கீலில் மடங்கிக் குழல் கீழ்நோக்கித் திறக்கும் துப்பாக்கியையும், 1830களின் நடுவில் அதற்குரிய தோட்டாவையும் உருவாக்கினார். அந்தத் தோட்டாவின் பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியின் தலையில் குதிரை அடிக்கும்போது தோட்டாவினுள் இருக்கும் கேப்பு வெடிக்கும். 1851இல் லண்டனில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அவருடைய துப்பாக்கி இடம்பெற்ற பின்னர், லண்டன் பட்டறைகள் அம்முறையைக் கையாளத் தொடங்கின. முன்வாய்த் துப்பாக்கியே சிறந்தது என்று வாதிட்டவர்களுக்கும் புதிய முறையை ஆதரித்தவர்களுக்கும் இடையிலான பூசலைத் தீர்க்க 'தி ஃபீல்டு' இதழ் 1858, 1859 ஆகிய ஆண்டுகளில் பொதுச் சோதனைகளை நடத்தியது.

ஊசித் தோட்டாவின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அடிப்பகுதியின் நடுவில் கேப்பைக் கொண்ட தோட்டாவை 1861இல் லண்டனின் ஜார்ஜ் டா அறிமுகப்படுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில் அதுவே பொதுமுறையாயிற்று. பத்தாண்டு கூட ஆகாத ஊசித் துப்பாக்கிகள் மீண்டும் பட்டறைக்குத் திரும்பின. தோட்டாவின் ஊசி வெளியே நீட்டுவதற்காகக் குழலடியின் மேல்விளிம்பில் வெட்டப்பட்டிருந்த சிறு பள்ளங்கள் உலோகத்தால் அடைக்கப்பட்டன. நடுவுடலின் முகப்பில் துளையிட்டு அடிக்கும் ஊசிகள் பொருத்தப்பட்டன. குதிரைகள் வேறு வடிவில் மாற்றப்பட்டன. எவ்வளவு நேர்த்தியாக அடைக்கப்பட்டிருந்தாலும், அந்தப் பள்ளங்களின் விளிம்புக்கோடு உற்றுநோக்குபவருக்குப் புலப்படும்.

நடுவுடலும் இதே வேகத்தில் மாறியது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் 1859இல் காப்புரிமை பெற்ற, குழலின் அடியில் பக்கவாட்டில் சுழலும் நெம்புகோல், குழல்களை இறுகப் பிடிப்பதில் நிகரற்றதாக விளங்கியது. ஆனால் திறந்து மூடுவதில் அது மெதுவானது. 1863இல் பர்டி நிறுவனம் காப்புரிமை பெற்ற இரட்டைத் தாழ்ப்பாளும், 1865இல் ஸ்காட் நிறுவனம் காப்புரிமை பெற்ற மேல்நெம்புகோல் அச்சும் பின்னர் ஒன்றுசேர்ந்து, இன்றும் உலகெங்கும் பக்கவாட்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் காணப்படும் பூட்டுமுறையாக நிலைபெற்றன. வுல்வர்ஹாம்ப்டனின் ஜான் ஸ்டான்டன் 1867இல் உருவாக்கிய சுடுபொறியில், அடித்த குதிரை ஊசியின் மீது படுத்திராமல் சற்றுப் பின்வாங்கி நிற்கும். இதனால் சுட்டவுடன் துப்பாக்கியைத் தடையின்றித் திறக்க முடிந்தது, தற்செயலாக வெடிக்கும் இடரும் குறைந்தது. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் சுடுபொறிகள் இம்முறைக்கு மாற்றப்பட்டதால், 1867க்கு முன் செய்யப்பட்ட ஒன்றில் பின்வாங்கும் குதிரை காணப்பட்டால் அது பிற்காலத் திருத்தம் என்றே கொள்ள வேண்டும்.

1871இல் தியோஃபிலஸ் மர்காட், குதிரை வெளியே தெரியாத துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சனும் டீலியும், குழலைத் திறக்கும்போதே சுடுபொறி தானாக விசையேறும்படி அமைத்த எளிய முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். இதற்குப் பின் பழையதைப் புதியதாக மாற்றுவது கடினமாயிற்று. குதிரை வெளியே நிற்கும் துப்பாக்கியை மறைகுதிரைத் துப்பாக்கியாக மாற்றுவதைவிடப் புதியது வாங்குவதே எளிது. எனவே 1870களுக்குப் பிந்தைய திருத்தங்கள் பெரும்பாலும் குழலையும் மரக்கட்டையையும் சார்ந்தே நிகழ்ந்தன.

முறுக்கிரும்பும் புகையற்ற மருந்தும்

19ஆம் நூற்றாண்டின் சிறந்த குழல்கள் டமாஸ்கஸ் வகையைச் சேர்ந்தவை. இரும்பையும் எஃகையும் அடுக்கி, காய்ச்சி, கம்பிகளாக முறுக்கி, பல கம்பிகளை ஒட்டி நாடாவாக்கி, அந்த நாடாவை ஓர் உருளையின் மேல் திருகுசுருளாகச் சுற்றி, விளிம்புகளைச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவதே அம்முறை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் வட்டாரமும் பெல்ஜியத்தில் லியேழ் நகரமும் இதில் பெயர்பெற்றன. நூற்றாண்டின் முற்பகுதியில் தேய்ந்த குதிரை லாட ஆணிகளைச் சேர்த்துக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியும் உயர்ந்த குழல்கள் செய்யப்பட்டன. குழலின் மேற்பரப்பைத் திட்டமிட்டுத் துருப்பிடிக்கச் செய்து பழுப்பேற்றும்போது, இரும்பும் எஃகும் வெவ்வேறு நிறங்களில் வெளிப்பட்டு நெளிவரிக் கோலம் தோன்றும். மலிவான துப்பாக்கிகளில் சாதாரண எஃகின் மேல் இக்கோலத்தை அச்சிட்டு ஏமாற்றியதும் உண்டு. அந்த அச்சு தேய்த்தால் மறையும், உண்மையான டமாஸ்கஸ் கோலமோ மீண்டும் பழுப்பேற்றினால் திரும்பவும் தோன்றும்.

குழலின் முன்வாயைச் சற்றுக் குறுக்கி ரவைகள் சிதறாமல் காக்கும் சோக் முறைக்கு நியூகாசிலின் வில்லியம் பேப் 1866இல் காப்புரிமை பெற்றார், பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் அதை வளர்த்தெடுத்து 1870களின் நடுவில் புகழ்பெறச் செய்தார். அதே காலத்தில் கருமருந்துக்குப் போட்டியாகப் புகையற்ற மருந்துகளும் வந்தன. பிரஷ்ய அதிகாரி ஷூல்ட்சே 1864இல் உருவாக்கிய மருந்தும் 1882இல் காப்புரிமை பெற்ற இ.சி. மருந்தும் வேட்டையாளர்களிடையே பரவின. இவற்றின் அழுத்தம் கருமருந்தின் அழுத்தத்திலிருந்து வேறுபட்டதால், கருமருந்துக்காகச் செய்யப்பட்ட குழல்கள் இவற்றைத் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடும் பொறுப்பு சோதனைக் கூடங்களைச் சேர்ந்தது.

முத்திரைகளின் மொழி

லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழுமம் 1637இல் முதலாம் சார்லஸ் மன்னரின் சாசனம் பெற்றது; பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கமான அளவைவிட மிகுதியான மருந்தைக் குழலில் இட்டு வெடித்துப் பார்த்து, அது தாங்கினால் மட்டுமே குழலடியின் கீழ்ப்பரப்பில் முத்திரை பதிப்பது இவ்விரு கூடங்களின் பணி. துப்பாக்கியைத் திறந்து குழல்களைக் கழற்றினால் இம்முத்திரைகள் தெரியும். 1855, 1868 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகு அவற்றின் அமைப்பு ஒழுங்குபட்டதால், அவற்றைக் கொண்டு காலத்தைக் கணிக்க முடிகிறது.

பர்மிங்ஹாம் கூடத்தின் 19ஆம் நூற்றாண்டு முத்திரைகளில் மகுடத்தின் கீழ் குறுக்காக அமைந்த இரு செங்கோல்கள் இருக்கும். குழலின் விட்டத்தைக் குறிக்கும் எண் 1855 முதல் பதிக்கப்பட்டது. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் குழலுக்குள் பொருந்துமோ அதுவே அந்த எண்; 12 போர் எனப்படும் குழலின் விட்டம் 0.729 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். சோக் குழலில் தனிக்குண்டு இட்டுச் சுடக் கூடாது என்ற எச்சரிக்கை வாசகம் 1875 முதல் 1887 வரை பதிக்கப்பட்டது. 1887 முதல் அதற்குப் பதிலாக சோக் என்ற சொல்லும், சாய்சதுரத்துக்குள் தோட்டா அறையின் அளவும் வந்தன. 1896இல் புகையற்ற மருந்துக்கான சோதனை முறைப்படுத்தப்பட்டது. 1904 முதல் பர்மிங்ஹாமில் மகுடத்தின் கீழ் என்.பி. என்ற எழுத்துகளும், லண்டனில் வளைந்த வாளை ஏந்திய கவசக் கையும் அச்சோதனையைக் குறித்தன. 1925க்குப் பின் தோட்டா அறையின் நீளமும், 1954க்குப் பின் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று அழுத்தத்தின் அளவும் சேர்ந்தன.

இந்த வரிசையை அறிந்தவர் ஒரே குழலில் இரண்டு மூன்று காலங்களைப் படிக்க முடியும். செங்கோல் முத்திரையும் சோக் எச்சரிக்கையும் உள்ள டமாஸ்கஸ் குழலில் 1954க்குப் பிந்தைய டன் அளவும் காணப்பட்டால், 1875க்கும் 1887க்கும் இடையில் கருமருந்துக்காகச் சோதிக்கப்பட்ட அது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புகையற்ற மருந்துக்காக மறுசோதனை பெற்றது என்பது தெளிவாகிறது. பதிக்கப்பட்ட போர் எண்ணைவிடக் குழலின் உண்மை விட்டம் கூடுதலாக இருந்தால், உட்புறத் துருக்குழிகளை நீக்க யாரோ அதைக் கடைந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வேறுபாடு விதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டினால் சோதனை செல்லாததாகிவிடும். அத்தகைய துப்பாக்கியை விற்பது பிரிட்டனில் குற்றம்.

எண்களும் முகவரிகளும்

முத்திரைகளுக்கு அடுத்த சான்று வரிசை எண். விசையைக் காக்கும் வளைவின் வாலிலும், நடுவுடலிலும், குழலின் அடியிலும், முன்கைப் பிடியின் இரும்பிலும் ஒரே எண் இருந்தால் பகுதிகள் யாவும் ஒன்றாகப் பிறந்தவை. எண்கள் வேறுபட்டால் இரு துப்பாக்கிகளின் பகுதிகள் பிற்காலத்தில் இணைக்கப்பட்டுள்ளன. பர்டி, பாஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் நிறுவனங்களின் பழைய பேரேடுகள் எஞ்சியிருப்பதால், அவற்றின் துப்பாக்கிகளுக்கு ஆண்டையும் முதல் உரிமையாளரையும் பெரும்பாலும் கண்டறிய முடிகிறது. ஜோடியாகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் 1, 2 என்ற எண்கள் தங்கத்தில் பதிக்கப்பட்டன. தனியே கிடைக்கும் 2ஆம் எண், எங்கோ பிரிந்துபோன துணையைச் சுட்டுகிறது.

குழல்களை இணைக்கும் பட்டையில் செதுக்கப்பட்ட முகவரியும் காலத்தைக் காட்டும். ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இயங்கிய பர்டி நிறுவனம் 1880களின் தொடக்கத்தில் சவுத் ஆட்லி தெருவுக்கு இடம்பெயர்ந்தது. 1870களுக்குரிய வரிசை எண்ணோடு புதிய முகவரி காணப்பட்டால், குழல்கள் பின்னாளில் மாற்றப்பட்டவை என்று அறியலாம். நாட்டுப்புறக் கடைகளின் பெயர்களைத் தாங்கிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை உண்மையில் பர்மிங்ஹாமில் உருவானவை. வெட்னஸ்பரியில் குழலும் டார்லஸ்டனில் சுடுபொறியும் அடிக்கப்பட்டு, பர்மிங்ஹாம் நகரின் துப்பாக்கிப் பேட்டையில் மரம் பொருத்துபவர், மெருகிடுபவர், செதுக்குபவர் எனப் பல கைகளைக் கடந்தே அவை முழுமை பெற்றன. அந்த உழைப்பாளிகளின் பெயர்கள் பட்டையில் இடம்பெறவில்லை என்றாலும், சிலருடைய முதலெழுத்துகள் குழலின் அடியில் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வரலாற்றாசிரியர் கடை முதலாளியின் பெயருக்குத் தரும் அதே மதிப்பை அந்த எழுத்துகளுக்கும் தருவது நியாயம்.

இருபதாம் நூற்றாண்டுத் திருத்தங்கள்

1920களில் லண்டனின் ராபர்ட் சர்ச்சில் 25 அங்குலக் குழல் கொண்ட துப்பாக்கியைப் பரப்பினார். அந்த மோகத்தில் 30 அங்குலப் பழைய குழல்கள் பல வெட்டிக் குறைக்கப்பட்டன. முன்வாயிலிருந்த சோக்கும் அவற்றோடு போய்விட்டது. இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட அறைகள் இரண்டேமுக்கால் அங்குலத்துக்கு நீட்டப்பட்டன. புதிய உரிமையாளரின் தோளுக்கும் கண்ணுக்கும் ஏற்ப மரக்கட்டை சூடேற்றி வளைக்கப்பட்டது, அல்லது முனையில் மரத்துண்டு சேர்த்து நீட்டப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் ஆழமானது, பழைய குழல்களை அடியிலிருந்து சில அங்குலம் விட்டு வெட்டி, எஞ்சிய அடிப்பகுதிக்குள் புதிய எஃகுக் குழல்களைப் பொருத்தும் முறை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இது பரவியது. தேய்ந்துபோன பல துப்பாக்கிகள் இதனாலேயே மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. இவ்வாறு திருத்தப்பட்டவை மறுசோதனையில் தேறிய பின், குழல் மாற்றப்பட்டதை வெளிப்படையாகக் காட்டும் சொல்லும் அவற்றில் பதிக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வாங்குபவர் ஏமாறாமல் காத்த இந்த நேர்மை, வருங்கால ஆராய்ச்சியாளருக்கும் பெருந்துணையாயிற்று.

சென்னைக்கு வந்த துப்பாக்கிகள்

ஆங்கிலத் துப்பாக்கிகள் பேரரசின் வணிகத்தோடு இந்தியாவுக்கும் வந்தன. கல்கத்தாவின் மேன்டன் நிறுவனமும் ரோடா நிறுவனமும், சென்னை மவுண்ட் ரோட்டின் ஓக்ஸ், பி. ஆர் அண்ட் சன்ஸ் ஆகிய நிறுவனங்களும் பிரிட்டனில் செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தங்கள் பெயர் பொறித்து விற்றன. அத்தகைய துப்பாக்கியின் பட்டையில் சென்னையின் பெயர் இருந்தாலும், குழலைக் கழற்றினால் பர்மிங்ஹாம் முத்திரையைக் காணலாம். ஐரோப்பியர்களுக்கு விலக்களித்து இந்தியர்களை உரிமத்துக்கு உட்படுத்திய 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இக்கருவிகளை யார் வைத்திருக்கலாம் என்பதை இன அடிப்படையில் தீர்மானித்தது. அந்த அநீதியை மறந்துவிட்டு ஜமீன் வீடுகளிலும் காபித் தோட்டங்களிலும் இருந்த துப்பாக்கிகளின் வரலாற்றை எழுத முடியாது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமமின்றிக் குழலைக் குறைப்பதையும், அடையாளக் குறிகள் இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் தடைசெய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆயுதங்கள் குறைவது சமூகத்துக்கு நல்லதே. ஆயினும் மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்கும் குடும்பம், அதன் எண்ணையும் முத்திரைகளையும் படம்பிடித்து வைத்துக்கொண்டால், பொருள் போனாலும் அதன் வரலாறு போகாது.

திருத்தத்தின் மதிப்பு

பழம்பொருள் சந்தையில் திருத்தப்படாத துப்பாக்கிக்கே உயர்ந்த விலை கிடைக்கிறது. அதனால் பழைய திருத்தங்களை அகற்றித் தொடக்க வடிவத்துக்குத் திருப்பும் ஆசையும் எழுகிறது. கேப்பு முறைக்கு மாற்றப்பட்ட துப்பாக்கியை மீண்டும் சிக்கிமுக்கித் துப்பாக்கியாக்குவதும், தேய்ந்த செதுக்குவேலையை மறுபடி செதுக்குவதும், முத்திரை மங்கும்வரை குழலைத் தேய்த்து மெருகிடுவதும் இந்த ஆசையின் விளைவுகள். 1830இல் செய்யப்பட்ட திருத்தம் 1810இல் செய்யப்பட்ட கருவியைப் போலவே வரலாற்றுச் சான்று. அதை அழித்து உருவாக்கப்படும் தோற்றம் எந்த ஆண்டுக்கும் உரியதாக இராது.

ஆகவே இவ்வகைத் துப்பாக்கியைக் காப்பவர்களின் முதற்கடமை, இருப்பதைத் தொடுவதற்கு முன் பதிவுசெய்வது. முத்திரைகள், எண்கள், குழலின் அளவுகள், மரத்தின் இணைப்புகள், அடைக்கப்பட்ட துளைகள் ஆகியவற்றைக் குறித்துவைத்த பிறகே பழுதுபார்க்க வேண்டும். புதிதாகச் செய்யப்படும் பழுதும் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளாகச் சோதனைக் கூடங்கள் பாதுகாப்புக்காகக் கடைப்பிடித்த இந்த ஒழுங்கை, வரலாற்றுக்காக அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் குடும்பங்களும் கடைப்பிடித்தால், பெயர் தெரியாத கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அடுத்து வருபவர்களுக்கும் படிக்கக் கிடைக்கும்.